மேனேஜருக்கு விழுந்த நிழல்

அதிகாரி வந்திருந்த அன்றைக்குத்தானா நிழல் நாய்க்குப் பின்னால் போக வேண்டும்?

பியூலா முதலில் தன் கண்ணைத்தான் சந்தேகப்பட்டாள். உப்பளத்தில் பத்து மணிக்கு மேல் கண்ணை நம்புவதற்கில்லை. தலைக்கு மேலே ஒரு வெயில் என்றால், பாத்தியில் விளைந்து கிடக்கும் உப்பில் பட்டுத் திரும்பி முகத்தில் அடிப்பது இன்னொரு வெயில். நெற்றியில் கையை வைத்து மறுபடி பார்த்தாள். ஆறு நிழல் பட்டங்களில் ஐந்து, வேலை நடக்கும் பாத்திகளுக்கு மேலே ஒழுங்காக மிதந்துகொண்டிருந்தன. ஆறாவது மட்டும் தனியாக, தூரத்து வரப்பின் மேலே, சப்பரத்துக் குடை மாதிரி மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. அதற்குக் கீழே செவலை நிறத்தில் ஒரு நாய். நாய் நின்றால் நிழலும் நின்றது. நாய் உட்கார்ந்து காதைச் சொறிந்தது. நிழல் பொறுமையாகக் காத்திருந்தது.

"அங்க தனியாப் போறது யாரு?" என்று அதிகாரி கேட்டார். மாவட்ட வெப்பப் பாதுகாப்புப் பிரிவிலிருந்து வந்திருந்தவர். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்ததால் அவருக்குச் சரியாகத் தெரியவில்லை.

"மேனேஜர், மேடம்," என்றாள் பக்கத்தில் நின்ற மைமூன், யோசிக்காமல்.

"மேனேஜருக்கு உடம்பு சரியில்லையா?"

மைமூன் பியூலாவைப் பார்த்தாள். பியூலா தன் செருப்பைப் பார்த்தாள். கடைசியில் கங்காணி சுயம்புலிங்கம்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு உண்மையைச் சொன்னார்.

"அது நாயி மேடம். காலையில வரும். எல்லாப் பாத்தியையும் ஒரு சுத்து சுத்திப் பாக்கும். ஒரு வேலையும் செய்யாது. பெறவு நல்ல இடமாப் பாத்துப் படுத்துக்கிடும். அதான் பொம்பளைக அப்படிப் பேரு வச்சிட்டாளுக."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றி நாயைப் பார்த்தார். உதட்டோரம் ஏதோ துடித்தது. ஆனால் குரலில் சிரிப்பில்லை.

"ஒரு மாசம் தர்றேன் பியூலா. அடுத்த தடவை நான் வரும்போது நிழல் மனுஷங்க மேல இருக்கணும். இல்லேன்னா ஆறையும் மடிச்சு எடுத்துட்டுப் போயிடுவேன். கேட்டு நிக்கிற ஊரு நிறைய இருக்கு."

நிழல் பட்டத்தைச் செய்தவர்கள் ஐந்து பேர். பியூலா, மைமூன், கூட இன்னும் மூன்று பையன்கள். யாருக்கும் இருபத்தைந்து வயது ஆகவில்லை. ஐவரும் ஒரே பாலிடெக்னிக்கில் படித்தவர்கள்தான் என்றாலும் அவர்கள் பழகியது அங்கே அல்ல, ஆஸ்பத்திரி வராண்டாவில். உள்ளே அவரவர் வீட்டாருக்கு டயாலிசிஸ் முடிகிற வரைக்கும் வெளியே உட்கார்ந்திருக்க வேண்டும். அப்படி உட்கார்ந்திருந்த நாலு மணி நேரங்களில்தான் மைமூனின் வாப்பாவும் தன் அப்பாவும் ஒரே உப்பளத்தில் வேலை பார்த்தவர்கள் என்பது பியூலாவுக்குத் தெரிந்தது. இப்போதெல்லாம் பங்குனி பிறக்கும்போதே வெயில் நாற்பத்தைந்தைத் தொட்டுவிடுகிறது. அந்த வெயிலில் நின்று, வியர்வையாக எல்லாவற்றையும் இறக்கிவிட்டு, குறைவாகத் தண்ணீர் குடித்து, வருஷக்கணக்கில் வேலை பார்த்தால் சிறுநீரகம் சத்தம் போடாமல் சுருங்கிப்போகும். அப்பா நாற்பத்தேழு வயதில் போனார். "பூமி சூடானது எங்க வீட்டுக்குச் செய்தியில வரல, ரத்தப் பரிசோதனைச் சீட்டுலதான் வந்துச்சு," என்று பியூலா கூட்டங்களில் சொல்வாள். எல்லாரும் கைதட்டுவார்கள். கைதட்டல் முடிந்ததும் அவளுக்குத் தன் மேலேயே லேசாக எரிச்சல் வரும்.

பட்டம் என்பது நாலு கட்டில் விரிப்புகளைச் சேர்த்துத் தைத்த அகலத்துக்கு ஒரு சாம்பல் நிறத் துணி. நாலு மூலையிலும் சின்ன விசிறிகள், முதுகில் சூரியத் தகடு. இரண்டு ஆள் உயரத்தில் மிதக்கும். அளத்தில் வேலை பார்க்கும் இருபத்திரண்டு பேரின் கையிலும் ஒரு பட்டி. அது வியர்வையையும் நாடியையும் உடம்புச் சூட்டையும் பார்த்து, சிறுநீரகம் திணறப் போகிறது என்பதை முன்கூட்டியே கண்டுபிடித்துப் பட்டத்துக்குச் சொல்லும். பட்டம் அந்த ஆளைத் தேடிப் போகும். எல்லாருக்கும் எப்போதும் நிழல் போட முடியாது. உப்பு விளைவதே வெயிலில்தான். அளம் முழுக்க நிழல் போட்டால் உப்புக்குப் பதிலாகத் தண்ணீரைத்தான் வார வேண்டியிருக்கும். அதனால் ஒரு விதி. யாருடைய உடம்புக்கு அதிகம் தேவையோ, அவருக்கு முதலில். அந்த விதியை எழுதியவள் பியூலா. அதைவிட நியாயமான ஒரு வரியைத் தன் வாழ்நாளில் எழுத முடியாது என்று அவள் நினைத்திருந்தாள்.

அதிகாரியின் வண்டி மறைந்ததும் மைமூன் ஒரு பிஸ்கட்டைக் காட்டி மேனேஜரைக் கூப்பிட்டாள். அது நிழலோடு வந்தது. கழுத்துக் கயிற்றுக்குக் கீழே, ரோமத்துக்குள், பட்டி.

"நாய்க்கு எப்பவுமே நம்மளைவிட உடம்புச் சூடு சாஸ்தி. நாடியும் வேகம்," என்றாள் மைமூன். "இந்தப் பட்டத்துக்கு நாயின்னு என்ன தெரியும்? யாரோ சாகக் கிடக்கான்னு நெனச்சுப் பின்னாடியே ஓடியிருக்கு."

பட்டியில் எண் பதினொன்று. அது யாருடையது என்று பியூலா பட்டியலைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. தினமும் படுக்கப் போகுமுன் அவள் கடைசியாகப் பார்ப்பது அந்தப் பதினொன்றைத்தான். அவளுடைய அக்கா எப்சிபா. முப்பத்து மூன்று வயது. போன வருஷமே டாக்டர் சொல்லிவிட்டார், சிறுநீரகத்தில் கால்வாசி போய்விட்டது என்று. பத்து நாளாகப் பதினொன்றின் சூடும் நாடியும் ஏறியே இருந்தன. "யக்கா, எப்படி இருக்க?" என்று கேட்டால், "எனக்கென்ன?" என்று சொல்லி இன்னொரு தோசை கேட்பாள் எப்சிபா. பியூலாவுக்குத் தூக்கம் வராது. முழங்கால் போட்டு அழுது ஜெபம் பண்ணுவாள்.

பத்து நாளாகத் தான் பண்ணிய ஜெபமெல்லாம் இந்த நாயின் சிறுநீரகத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. மேனேஜர் பிஸ்கட்டைத் தின்றுவிட்டு ரொம்ப ஆரோக்கியமாக வாலை ஆட்டியது.

வேலை முடிந்து அக்காவும் தங்கையும் ஸ்கூட்டரில் வீட்டுக்குத் திரும்பினார்கள். பியூலா ஓட்ட, எப்சிபா பின்னால் உட்கார்ந்திருந்தாள். முகத்தைப் பார்க்காமல் பேச ஸ்கூட்டரைப் போல வசதியான இடம் வேறில்லை.

"யக்கா, உன் பட்டி மேனேஜர் கழுத்துல இருந்துச்சு."

"தெரியும். நாந்தான கட்டினேன்."

"எதுக்கு?"

"அதுக்குக் காலு சுடும்லா. வாயில்லா ஜீவன்."

"விளையாடாத."

எப்சிபா கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். பிறகு பியூலாவின் தோளுக்கு மேலாகக் காற்றில் பேசத் தொடங்கினாள்.

"முத நாளு பட்டம் எம்மேல வந்து நின்னப்ப ராணி மாதிரிதான் இருந்துச்சு ஏட்டி. பக்கத்துல வாரிக்கிட்டிருந்த தங்கபுஷ்பம் கையெடுத்துக் கும்பிட்டா. மறுநாளும் எம்மேலயே வந்துச்சு. மூணாவது நாளும். இருபத்திரண்டு பேருல அது என்னையத்தான் தேடுது. வடக்க போனா வடக்க வருது, தெக்க போனா தெக்க வருது. கங்காணி அண்ணாச்சி வந்து, 'நீ உப்பு வார வேண்டாம் தாயி, கொட்டகையில உக்காந்து சாக்கு தச்சாப் போதும்'னாக. நல்ல மனசோடதான் சொன்னாக. பதினஞ்சு வருசமா வாருபலகைய முதல்ல பாத்தியில இறக்குறது நானு. எங் கையப் பாத்துத்தான் மத்தவளுக வேகம் பிடிப்பாளுக."

"அது ஒரு கௌரவமா யக்கா? உடம்பு—"

"அதுகூடப் போவட்டும். ஒருத்தியும் என்னையக் கேலி பண்ணல, பியூலா."

பியூலாவுக்குப் புரியவில்லை.

"முழுசா ஒரு வாரம். தங்கபுஷ்பம் என்னையப் பாத்து, 'எக்கா சாப்பிட்டீகளா'ங்கா. அவ வாயில மரியாதையா ஒரு வார்த்தை வந்து நீ கேட்டிருக்கியா? எனக்குப் பயம் வந்துட்டு. நான் செத்துப்போயி, சுத்தி உக்காந்து என்னையப் பத்தி நல்லதா நாலு வார்த்தை பேசுத மாதிரி இருந்துச்சு. அன்னைக்குத்தான் கழட்டி அது கழுத்துல கட்டினேன். மத்தியானமே தங்கபுஷ்பம், 'கிழட்டுக் கழுதை, தள்ளி நில்லு'ன்னா. அப்பாடான்னு இருந்துச்சு."

"அப்பாவுக்கு என்ன ஆச்சுன்னு மறந்துட்டியா?"

"நீ என்னையப் பாக்கும்போதெல்லாம் அப்பாவைத்தான் பாக்க. அது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

பியூலா ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்தினாள். திரும்பவில்லை. "டாக்டர் என்ன சொன்னாக? வெயில்ல திணறாமப் பாத்துக்கிட்டா முப்பது வருசம் ஓடும். இல்லன்னா அஞ்சு வருசம்."

"அஞ்சு வருசம் எப்சிபாவா இருந்துட்டுப் போறேன்," என்றாள் அக்கா. "முப்பது வருசம் 'ஐயோ பாவ'மா இருக்க எனக்கு ஏலாது. வண்டிய எடு, சூடு தாங்கல."

மறுநாள் பட்டறையில் பியூலா தன் யோசனையை மைமூனிடம் சொன்னாள். பட்டியைக் கழற்ற முடியாதபடி ஒரு சின்னப் பூட்டு வைத்துவிடலாம். காலையில் பூட்டினால் மாலையில்தான் திறக்கும்.

"வைக்கலாம்," என்றாள் மைமூன். "ஆனா அப்புறம் அதுக்குப் பேரு பட்டி இல்ல. போலீஸ்காரங்க வச்சிருப்பாங்களே, அது."

"அவ செத்துப்போவா மைமூன்."

"நீ கோவத்துல பேசுற. போயி ஒரு நாள் முழுசா அங்க உக்காந்து பாரு. நாம கணினியிலதான் பட்டத்தைப் பாத்துக்கிட்டு இருந்தோம். அதுக்குக் கீழ என்ன நடக்குதுன்னு பாக்கவே இல்ல."

பியூலா போனாள். விடியுமுன்பே போய், வாரிய உப்பைக் கொட்டும் தட்டுமேட்டில், குவித்து வைத்திருந்த உப்பு அம்பாரத்தின் ஓரம் உட்கார்ந்தாள். முதல் ஒரு மணி நேரத்திலேயே தெரிந்துவிட்டது, பட்டியைக் கழற்றியவள் எப்சிபா மட்டுமல்ல. ஒன்பதாம் எண் ஒரு தண்ணீர்க் குடத்தின் கழுத்தில் இருந்தது. நாலும் ஏழும் ஒன்றுக்கொன்று கை மாறியிருந்தன. பதினாறு, கங்காணி சுயம்புலிங்கத்துடையது, அவருடைய பைக்கின் பெட்டிக்குள் இருந்தது. "கை அரிக்கி," என்று விளக்கம் சொன்னார். இருபத்திரண்டு பேரில் எட்டுப் பேரைப் பற்றி அவள் கணினியில் இருந்தது எல்லாமே கதை. அவளுக்கு வெட்கமாக இருந்தது. இவர்கள் எல்லாரும் சேர்ந்து தன்னை ஏமாற்றியிருக்கிறார்கள் என்பதைவிட, தன்னிடம் யாருக்கும் இதைச் சொல்லத் தோன்றவில்லையே என்பது வலித்தது. நன்மை செய்கிறவளிடம் யாரும் குறை சொல்வதில்லை. நன்மை செய்கிறவள் என்ற அந்த இடத்தில் அவள் ஏறி உட்கார்ந்திருந்தாள், ஏறியது தெரியாமலே.

ஒன்பது மணி இருக்கும். எப்சிபாவின் வரிசையில் ஒருத்தி வாருபலகையைக் கீழே வைத்தாள். உடனே எட்டுப் பேரும் வைத்தார்கள். வரிசையாக வரப்பில் ஏறி, தூரத்தில் உடைமரங்கள் மண்டிக் கிடந்த பக்கமாக, பேசிச் சிரித்துக்கொண்டே போனார்கள். பத்து நிமிஷத்தில் திரும்பி வந்தார்கள்.

"எல்லாருக்கும் ஒரே நேரத்துலயா வரும்?" என்று பியூலா தங்கபுஷ்பத்திடம் கேட்டாள்.

தங்கபுஷ்பத்துக்கு இருபத்தெட்டு வயது. வாய் மட்டும் அவளைவிட மூத்தது. "இஞ்சினியரம்மாவுக்கு இது கூடத் தெரியல பாருங்க," என்று மற்றவர்களைப் பார்த்துச் சொல்லிவிட்டு, தலைத்துணியை அவிழ்த்துக் கட்டினாள். "ஒருத்தி தனியா எந்திச்சுப் போனா அண்ணாச்சி பாப்பாக. லாரிக்காரன் பாப்பான். எதுக்குப் போறா, எத்தனை தடவை போறா, மாசமா இருக்காளா, என்ன ஏதுன்னு. எட்டுப் பேரு போனா? எவ எதுக்குப் போனான்னு எவனுக்குத் தெரியும்? ஒருத்திக்கு அவசரம், ஏழு பேரு சும்மா கூடப் போவோம். நாளைக்கு நமக்கு அவசரம்னா அவ வருவா."

"யாருக்குன்னு உங்களுக்குள்ளயாவது தெரியுமா?"

"கேக்க மாட்டோம்," என்றாள் தங்கபுஷ்பம். கேலி செய்யாமல் அவள் சொன்ன ஒரே வார்த்தை அதுதான். உடனே அதைச் சரிசெய்துகொண்டாள். "உங்க அக்காதான் எப்பவும். வாயில பேச்சு நிக்காது, வேற எதுவும் நிக்காது."

எப்சிபா ஈர உப்பை அள்ளி அவள் மேல் எறிந்தாள்.

பியூலா அங்கேயே உட்கார்ந்திருந்தாள். அவளுக்குள் ஏதோ மெதுவாக இடம் மாறியது. யாருக்குத் தேவையோ அவருக்கு முதலில் என்று அவள் எழுதியபோது, தேவை என்பதை ஒருத்தியின் தலைக்கு மேல் கொடி கட்டிப் பறக்கவிடுகிறோம் என்று நினைத்துப் பார்க்கவே இல்லை. இந்தப் பெண்கள் அதே கணக்கை ஏற்கெனவே போட்டு முடித்திருக்கிறார்கள். ஒருத்தியின் அவசரத்தை எட்டால் மூடத் தெரிந்திருக்கிறது இவர்களுக்கு.

அன்று மத்தியானமே மைமூனிடம் ஓடினாள்.

"பட்டி நமக்கு எண்ணை அனுப்பவே வேண்டாம். அதுக்குள்ளயே முடிவு பண்ணட்டும். நிழல் வேணும்னா 'நிழல்'னு ஒரு வார்த்தை மட்டும் சொல்லட்டும். யாருன்னு சொல்ல வேண்டாம். சொன்னா ஆறு பட்டமும் சேர்ந்து வரப்புக்கு வந்துரும். பாத்திக்கு மேல இல்ல, வரப்புக்கு மேல. எல்லாரும் ஏறி வந்து கால் மணி நேரம் உக்காரணும், தண்ணி குடிக்கணும். உப்புக்கும் வெயில் குறையாது."

"கூப்பிட்ட ஆளுக்குத் தெரிய வேண்டாமா?"

"அவ கையை மட்டும் பட்டி லேசா அழுத்தும். பக்கத்துல இருக்கிறவளுக்குக்கூடத் தெரியாது."

மைமூன் கணினித் திரையைக் காட்டினாள். "நமக்கு?"

"என்ன?"

"நமக்கும் தெரியாதுல்லா. பதினொண்ணு எப்படி இருக்குன்னு நீ ராத்திரி பாக்க முடியாது."

இதைப் பியூலா நினைக்கவில்லை. மைமூன் சொன்ன பிறகுதான், அந்த ஒரு எண் இல்லாமல் தான் எப்படிக் கண்ணை மூடப் போகிறோம் என்று திகிலாக இருந்தது. "பதினொண்ணு மட்டும் எனக்கு..." என்று ஆரம்பித்து, நிறுத்திக்கொண்டாள்.

"அக்காகிட்டக் கேளு," என்றாள் மைமூன். "எங்க உம்மாவுக்குச் சக்கரை எவ்வளவுன்னு நான் கேட்டுத்தான் தெரிஞ்சுக்கிடுறேன். பாதி நாள் பொய்தான் சொல்லும். ஆனா கேக்கும்போது உம்மா முகத்தைப் பாக்கேன்ல."

பழைய பதிவுகளை அழிக்கும் பொத்தானைப் பியூலாதான் அழுத்த வேண்டியிருந்தது. அதுவும் அளத்தில், எல்லார் முன்னாலும். அது பெண்கள் போட்ட முதல் நிபந்தனை. கொட்டகையில் எல்லாரும் கூடியிருந்தார்கள். எப்சிபா முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஒருத்திக்கு முடியலன்னா இருபத்திரண்டு பேரும் வேலைய விட்டு ஏறணுமா?" என்றார் சுயம்புலிங்கம். "இது என்ன நியாயம்?"

"அண்ணாச்சி, நீங்க டீ குடிக்கப் போகும்போது கூட ஆறு பேரக் கூட்டிட்டுப் போறீகளே, அது என்ன நியாயம்?" என்றாள் தங்கபுஷ்பம்.

"அது வேற."

"பத்து நாள் பாப்போம் அண்ணாச்சி," என்றாள் பியூலா. "அம்பாரம் சிறுசானா நானே பட்டத்தை இறக்கிடுதேன்."

"ரெண்டாவது," என்றாள் எப்சிபா. தங்கையிடம் அல்ல, ஒரு இஞ்சினியரிடம் பேசுகிற குரல். "பட்டி எங்களுக்கு மட்டும் இல்ல. நீங்க அஞ்சு பேரும் கட்டணும். அண்ணாச்சியும் பெட்டியில வைக்காமக் கையில கட்டணும். கட்டிக்கிட்டு, வாரத்துல ஒரு நாள் எங்ககூட வந்து உப்பு வாரணும். வெளிய நின்னு பாத்துக்கிட்டே இருக்கப்பிடாது."

"நாங்களா?" என்றாள் மைமூன்.

"ஏன், கை வலிக்குமோ?"

பத்து நாளில் அம்பாரம் சிறுசாகவில்லை. கொஞ்சம் கூடியே இருந்தது. சுயம்புலிங்கம் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். உட்கார்ந்து தண்ணீர் குடித்தவர்கள் இறங்கியதும் வேகமாக வாருகிறார்கள் என்பதை அவரால் மறுக்க முடியவில்லை. காற்று நல்லா இருக்கு, அதான் விளைச்சல் என்று சொல்லிவிட்டுப் போனார். ஆனால் பட்டங்கள் வரப்பின் பக்கமாகக் கூடத் தொடங்கினால், "ஏறுங்க, ஏறுங்க" என்று முதல் ஆளாகச் சத்தம் கொடுத்ததும் அவர்தான்.

மாதம் முடிந்து அதிகாரி வந்தபோது, ஆறு துணிகளும் ஓரத்தோடு ஓரம் சேர்ந்து வரப்பின் மேலே ஒரு நீளமான பந்தலாக நின்றன. கீழே இருபத்திரண்டு பேரும் காலை நீட்டி உட்கார்ந்து, யார் கூப்பிட்டது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அது ஒரு விளையாட்டாகிவிட்டிருந்தது. "இன்னைக்கு அண்ணாச்சிதான், மூஞ்சியப் பாரு, வெளுத்துப் போச்சு." "நான் இல்லம்மா, உன் மாமியார் நெனச்சிருப்பாக, அதுல உனக்குச் சூடு ஏறிருக்கும்."

"யார் கூப்பிட்டதுன்னு அறிக்கையில எழுதணுமே," என்றார் அதிகாரி.

"எழுத முடியாது மேடம். எங்களுக்கே தெரியாது."

"உங்களுக்கே தெரியாதுன்னு சொல்றதுக்கா இவ்வளவு படிச்சீங்க?"

"தெரியாமப் பண்றதுதான் மேடம் கஷ்டமா இருந்துச்சு," என்றாள் பியூலா.

அதிகாரி அறிக்கையை மடித்துப் பைக்குள் வைத்தார். பிறகு அவரும் செருப்பைக் கழற்றிவிட்டு நிழலுக்குள் வந்தார். வேறு ஏதாவது வேண்டுமா என்று பெண்களைப் பார்த்துப் பொதுவாகக் கேட்டார். கேட்டிருக்கக் கூடாது. எப்சிபா எழுந்து நின்றாள்.

"பறக்குத பொருளு ஆறு குடுத்திருக்கீக மேடம். ரொம்ப சந்தோஷம். ஒரே இடத்துல நிக்குத பொருளா, கதவு வச்சு, தாப்பா வச்சு, ரெண்டு குடுங்க. தண்ணி குடி குடின்னு இந்தப் பிள்ளைக சொல்லுது. குடிச்ச தண்ணி எங்க போவும்னு மட்டும் யாரும் யோசிக்கல."

ஐந்து இளைஞர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். உண்மையிலேயே அவர்கள் யோசித்திருக்கவில்லை. அதிகாரி இந்த முறை சிரிப்பை அடக்கவில்லை. சித்திரை பிறக்குமுன் தட்டுமேட்டின் பின்னால் இரண்டு கழிப்பறைகள் வந்து நின்றன.

வைகாசியில் ஒரு வெள்ளிக்கிழமை. வெள்ளி, பியூலாவும் மைமூனும் வாருகிற முறை. காலையில் கிளம்பும்போதே எப்சிபா ஒரு காகிதத்தை அவள் முன்னால் போட்டாள். ரத்தப் பரிசோதனைச் சீட்டு. பியூலா கேட்கவில்லை, அவளாகவே போட்டாள்.

"ரத்தத்துல உப்பு ஏறல," என்றாள் எப்சிபா. "மூணு மாசமா அதே இடத்துல நிக்குது. டாக்டருக்கே ஆச்சரியம். என்னம்மா பண்ணின்னு கேட்டாக. வேலைக்கு நடுவுல நல்லா உக்காந்து ஊர்க்கதை பேசுதேன்னேன்."

பியூலா சீட்டை இரண்டு தடவை படித்தாள். பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்தாள். கன்னம் கொஞ்சம் பூசினாற்போல இருந்தது. இத்தனை நாள் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்ததில் இதைக் கவனிக்கவே இல்லையே என்று தோன்றியது.

"என்னட்டி முழிக்க?"

"ஒண்ணுமில்ல. கிழடு தட்டிப்போச்சு உனக்கு."

எப்சிபாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

பத்தரை மணிக்கு வெயில் நாற்பத்தாறு. பியூலா நாலாவது பாத்தியில் வாருபலகையைத் தள்ளிக்கொண்டிருந்தாள். முதல் வெள்ளிக்கிழமை உள்ளங்கை கொப்பளித்தது, இப்போது காய்த்துவிட்டது. அக்காவின் வேகத்துக்கு ஈடுகொடுக்க வேண்டும் என்ற வீம்பில், காலையிலிருந்து தண்ணீர் குடித்தது ஒரு மடக்குத்தான். தலை லேசாகக் கிறுகிறுத்தது. புதுசுக்கு அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

அப்போது பட்டங்கள் திரும்பின. ஆறும் ஒன்றாகத் தலையைச் சாய்த்து வரப்பை நோக்கி நகர்ந்தன. "ஏறுங்க, ஏறுங்க," என்றது சுயம்புலிங்கத்தின் குரல். பலகையை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது பியூலாவின் வலது மணிக்கட்டை ஏதோ மெதுவாக அழுத்தியது. ஒரு குழந்தை பிடித்து விடுகிற மாதிரி. விட்டு, மறுபடி அழுத்தியது.

அவளுக்கு முதலில் கோபம் வந்தது. பட்டியில் ஏதோ கோளாறு. அவளுக்கு இருபத்து நாலு வயது. அவள் நிழல் கொடுக்க வந்தவள். வராண்டாவில் வெளிப்பக்கம் உட்கார்ந்திருந்தவள். அப்புறம் பயம் வந்தது. அதற்குப் பின்னால், அவள் எதிர்பாராத ஒன்று: சட்டைக் கையை இறக்கிவிட்டு மணிக்கட்டை மூடிக்கொண்டாள். யாரும் பார்க்கவில்லை. பார்த்தாலும் தெரிய ஒன்றுமில்லை. ஆனாலும் மூடினாள்.

இதைத்தான் எப்சிபா ஒரு வாரம் முழுக்க, தலைக்கு மேலே, ஊருக்கே தெரியச் சுமந்திருக்கிறாள்.

பந்தலுக்குள் போய் உட்கார்ந்தாள். தண்ணீர் வந்தது. ஒரு பாட்டில் முழுவதும் நிறுத்தாமல் குடித்தாள். அதற்குள் விளையாட்டு தொடங்கிவிட்டது.

"இன்னைக்குக் கண்டிப்பா அண்ணாச்சிதான்."

"போங்க தாயி, நான் இளநி குடிச்சிட்டு வந்திருக்கேன்."

"மைமூனா இருக்கும். அந்தப் பிள்ள ரெண்டு சாக்கு தூக்கினா ரெண்டு நாளு லீவு போடும்."

"இஞ்சினியரம்மா?" தங்கபுஷ்பத்தின் கண் பியூலாவின் மேல் வந்து நின்றது.

"நானா? இல்லயே," என்றாள் பியூலா. குரல் அவளுக்கே கொஞ்சம் உயர்ந்து கேட்டது.

"அவ எங்க கூப்பிடப் போறா?" என்றாள் எப்சிபா. அவள் தங்கையைப் பார்க்கக்கூட இல்லை. "வேலை செஞ்சாத்தான சூடு ஏறும்? காலையிலேர்ந்து ஒரே பாத்தியத் தடவிக்கிட்டுல்லா இருக்கா. உப்பு அவளப் பாத்துப் பாவப்பட்டுத் தானா ஏறி வந்து குவியணும்."

எல்லாரும் சிரித்தார்கள். பியூலாவும் சிரித்தாள். சிரிக்கும்போதே எப்சிபா தன் பாட்டிலின் மூடியைத் திறந்து, வேறெங்கோ பார்த்துக்கொண்டு, அவள் மடியில் வைத்தாள்.

கால் மணி நேரம் ஆயிற்று. சுயம்புலிங்கம் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார். பட்டங்கள் கலையவில்லை. பியூலாவின் கையை மறுபடி அந்த மெல்லிய பிடி அழுத்தியது. போதவில்லை, இன்னும் கொஞ்சம் இரு.

எல்லாரும் தலையைத் தூக்கி அசையாத துணியைப் பார்த்தார்கள்.

"யாரோ ஒரு புண்ணியவதி இன்னும் கால் மணி நேரம் கேக்கா," என்றாள் எப்சிபா. "உக்காருங்க அண்ணாச்சி."

சுயம்புலிங்கம் உட்கார்ந்தார். பெண்கள் சுருக்கிய கால்களை மறுபடி நீட்டினார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. பியூலா அக்காவின் தண்ணீரைக் குடித்துவிட்டு, அவளும் காலை நீட்டிக்கொண்டாள்.